"ரன்" என்றால் ஓடு... அவ்வளவுதானா?



போன இதழில் தமிழய்யா 'கால்' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்று எழுதியிருந்தார். எல்லாரும் நின்று படித்தீர்கள், நானும் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு இங்கிலீஷ் மிஸ் என்னைக் கூப்பிட்டு, "நீயும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எடுத்து எழுதேன்டா, சின்ன வார்த்தையா இருக்கட்டும்" என்றார். சின்ன வார்த்தை என்றதும் எனக்கு வேறு எதுவுமே ஞாபகம் வரவில்லை. மூன்றே எழுத்து. ஆர், யூ, என். ரன். எங்கள் வீட்டு மோட்டாரைக் கருக வைத்த வார்த்தை அது!

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்பதாவது படித்தபோது, 2022 கோடையில், எங்கள் வீட்டுக்கு முதல் தடவையாகத் தண்ணீர் மோட்டார் வந்தது. அதுவரை கீழே இருக்கும் தொட்டியிலிருந்து அம்மாவும் அக்காவும் குடம் குடமாக மாடிக்குத் தூக்குவார்கள். அப்பா தையல்காரர். பொங்கல் தையலில் மிச்சம் பிடித்த காசில் அரை ஹெச்.பி. மோட்டார் ஒன்று வாங்கினார். பிளம்பர் அண்ணன் வந்து பைப் எல்லாம் மாட்டிவிட்டு, "நாளைக்கு வந்து ஒரு தடவ ஓட்டிப் பாத்துக் குடுத்துடறேன்" என்று சொல்லிப் போனார். மறுநாள் மதியம் வரை ஆளைக் காணோம். அப்பா மோட்டார் டப்பாவிலிருந்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "டேய், இதுல என்ன போட்டிருக்குன்னு படி."

தாளில் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் ஒரு வரி: "அவாய்டு ட்ரை ரன்."

எனக்கு ஒரே சந்தோஷம். ஏனென்றால் 'ட்ரை ரன்' எனக்குத் தெரியும்! 2021 ஜனவரி 2-ஆம் தேதி கொரோனா தடுப்பூசிக்காக நாடு முழுவதும் ஒத்திகை நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு முழுக்க டிவியில் 'ட்ரை ரன், ட்ரை ரன்' என்றார்கள். கீழே தமிழில் 'தடுப்பூசி ஒத்திகை' என்று ஓடியது. ஊசி போடாமலேயே, போடுவது போல எல்லா வேலையும் செய்து பார்ப்பது. ஆகவே அப்பாவிடம் கம்பீரமாகச் சொன்னேன். "ஒத்திகை பாக்க வேண்டாம்னு போட்டிருக்குப்பா. ஓட்டிப் பாக்கறதெல்லாம் தேவையில்ல. நேரா போட்டுக்கலாம்."

அப்பா சுவிட்சைப் போட்டார். உய்ய்ங் என்று சத்தம் வந்தது. மேல் தொட்டியில் தண்ணீர் விழவில்லை. "புது மோட்டார், ஏற நேரமாகும்" என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிஷம் இருக்கும். ரப்பர் கருகும் வாடை வந்தது. அப்புறம் சத்தமும் நின்றுவிட்டது.

காயில் கட்டும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த அண்ணன் நாலு போல்ட்டைக் கழற்றி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தையே, "ட்ரை ரன் ஆயிருக்கு" என்பதுதான்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. மெதுவாகக் கேட்டேன், "அண்ணே, ட்ரை ரன்னா ஒத்திகைதானே?"

அவர் சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம். "தண்ணியில்லாம வெறுமனே ஓடறதுதான் தம்பி ட்ரை ரன். மொதல்ல பம்ப்புக்குள்ள தண்ணி ஊத்தி நிரப்பிட்டுத்தான் போடணும். உள்ள ஒரு சீல் இருக்கு பாரு, அதுக்குத் தண்ணிதான் குளிர்ச்சி. தண்ணி இல்லேன்னா சீல் சூடாகிக் கருகிடும். அப்புறம் ஷாஃப்ட் இறுகிப் பிடிச்சுக்கும், சுத்த முடியாம காயில் போயிடும்" என்றார். அவர் எட்டாவது வரைதான் படித்தவராம், அவரே சொன்னார். தாளில் இருந்த அந்த வரியை அவர் படிக்கக்கூட இல்லை. ஆனால் அர்த்தம் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

காயிலும் சீலும் சேர்த்து 1,450 ரூபாய். திரும்பி வரும்போது அப்பா திட்டவே இல்லை. "விடுடா. படிக்கிற புள்ள உனக்கே புரியலேன்னா எனக்கு எப்படிப் புரியும்?" என்றார். நாலு அடி கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

யோசித்துப் பாருங்கள், நான் சொன்ன அர்த்தம் தப்பா? அகராதியில் பாருங்கள், 'ட்ரை ரன்' என்றால் ஒத்திகை என்றுதான் இருக்கும். சரியான அர்த்தம். மோட்டார் தாளில் மட்டும் அது சரியில்லை. அன்றைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். எங்கே 'ரன்' என்ற வார்த்தையைப் பார்த்தாலும் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்தேன். மூன்று வருஷத்தில் நோட்டு நிறைந்துவிட்டது. அதிலிருந்து கொஞ்சம்தான் இங்கே.

கிரிக்கெட்டில் தொடங்குவோம்

ரன் என்றாலே நமக்குக் கிரிக்கெட்தான். (2002-இல் மாதவன் நடித்து 'ரன்' என்றே ஒரு படமும் வந்தது. அதில் நிஜமாகவே ஓடுவார்கள்.) இரண்டு பேர் ஓடி இடம் மாறினால் ஒரு ரன். பொருத்தமான பெயர். ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால்? பேட்ஸ்மேன் நின்ற இடத்திலேயே நிற்கலாம், நாலு ரன்! ஓடவே இல்லை, ஆனாலும் 'ரன்'. ஓட்டம் என்ற செயலுக்கு வைத்த பெயர் எண்ணிக்கைக்குப் பெயராகிவிட்டது. தமிழில் வர்ணனை செய்பவர்களும் 'நான்கு ஓட்டங்கள்' என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அதே வேலையைச் செய்துவிட்டோம்.

அப்புறம் 'ரன் அவுட்'. ஓடும்போது கோட்டுக்குள் வராமல் ஆட்டம் இழப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பையன் (எங்கள் வகுப்புதான், பெயர் வேண்டாம்) "வி ரேன் அவுட் ஆஃப் ரைஸ்" என்பதை "நாங்கள் சோற்றை விட்டு வெளியே ஓடினோம்" என்று எழுதினான். உண்மையில் அரிசி தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்! 'ரன் அவுட் ஆஃப்' என்று வந்து, அதற்குப் பின்னால் ஒரு பொருளோ நேரமோ பொறுமையோ வந்தால், அது தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். "ஹி ரேன் அவுட் ஆஃப் தி ரூம்" என்றால் மட்டும் நிஜமாகவே அறையிலிருந்து ஓடினான். பின்னால் வருவது அரிசியா அறையா என்று பார்த்தால் போதும்.

நம் தெரு கிரிக்கெட்டில் 'பை ரன்னர்' வைத்துக்கொள்வோமே, அடிபட்டவனுக்குப் பதிலாக ஓடுகிறவன், அதுவும் இங்கே சேர்த்தி. சர்வதேச ஆட்டங்களில் 2011 அக்டோபர் முதல் ரன்னர் கிடையாது. நம் தெருவில் இன்னும் உண்டு. அதுவும் அடிபடாமலேயே!

தண்ணீரும் ஓடும்

'ரன்' என்றால் முதல் பொருள் கால்களால் ஓடுவது, மற்றதெல்லாம் பிற்பாடு ஒட்டவைத்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லையாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'ரின்னன்' என்று இருந்தது. ஓடுவதற்கும் அதுதான், தண்ணீர் வழிந்து ஓடுவதற்கும் அதுதான். ஆங்கிலத்தின் சொந்தக்கார மொழியான ஜெர்மனில் இது இரண்டு சொல்லாகப் பிரிந்து நிற்கிறது. 'ரென்னென்' என்றால் ஓடுவது, 'ரின்னென்' என்றால் ஒழுகுவது. ஆங்கிலத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே 'ரன்' ஆகிவிட்டது.

அதனால்தான் குழாயில் தண்ணீர் வந்தால் "தி டேப் இஸ் ரன்னிங்". குழாய் ஓடவில்லை, தண்ணீர்தான் ஓடுகிறது. ஜலதோஷம் பிடித்தால் "மை நோஸ் இஸ் ரன்னிங்". மூக்கு ஒழுகுகிறது. துணியைத் துவைக்கும்போது சாயம் போனால் "தி கலர் ரன்ஸ்". சாயம் தண்ணீரில் கரைந்து ஓடுகிறதே, அதனால்! இது எனக்கு அப்பா கடையில் கிடைத்த வாக்கியம். ஒரு துணிச் சீட்டில் 'கலர் மே ரன்' என்று இருந்தது. அப்பா என்னைக் கேட்கவே இல்லை. ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்து, "சாயம் போகும்" என்று தனியே எடுத்து வைத்துவிட்டார்.

நம் 'ஓடு' மட்டும் என்ன சும்மாவா?

இங்கிலீஷ்காரர்கள் மட்டும்தான் ஒரு சொல்லை இப்படிப் பாடாய்ப் படுத்துகிறார்கள் என்று நினைக்காதீர்கள். நாம் ஒரு நாளில் பேசுவதைக் கவனியுங்கள். கடிகாரம் ஓடுது. ஃபேன் ஓடுது. படம் ஓடுது. பொழுது ஓடுது. எப்படியோ குடும்பம் ஓடுது. பரீட்சையில மூளையே ஓடல. வீட்டை விட்டு ஓடிட்டான். இதில் எத்தனை பேருக்குக் கால் இருக்கிறது?

இவற்றில் பாதி அப்படியே ஆங்கிலத்துக்கும் பொருந்தும். "தி க்ளாக் ரன்ஸ்", "தி ஃபேன் இஸ் ரன்னிங்", "தி ஃபிலிம் ரேன் ஃபார் 100 டேஸ்". எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது என்பார்கள். தமிழிலும் அது 'ஓடியது'தான், ஆங்கிலத்திலும் 'ரேன்'தான்.

மூளை ஓடல என்பதற்கு மட்டும் 'மை ப்ரெயின் டிட் நாட் ரன்' என்று எழுதிவிடாதீர்கள். அது நம்முடையது.

அதோடு 'ஓடு' என்றால் நமக்கு வேறு பொருளும் உண்டு. வீட்டு ஓடு, முட்டை ஓடு, ஆமை ஓடு, மண்டை ஓடு, பிச்சை எடுக்கும் திருவோடு. இதற்கும் ஓடுவதற்கும் சம்பந்தமில்லை. வேற்றுமை உருபாகவும் வரும்: அப்பாவோடு போனேன். தமிழ் தெரியாத ஒருவர் "ஓடு ஓடா ஓடு மேல ஓடு" என்று நாம் சொல்வதைக் கேட்டால் என்ன நினைப்பார்!

பழைய காலத்தில் இதற்கென்றே நம்மிடம் புத்தகங்கள் இருந்தன. மண்டல புருடர் எழுதிய சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி முழுக்க, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதற்காகவே உள்ளது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். நாம் ஃப்ரேசல் வெர்ப் மனப்பாடம் செய்கிறோம். ரொம்ப வித்தியாசமில்லை.

ஓடு - ஓட்டு : இங்கேதான் சூட்சுமம்

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை படித்தோமல்லவா? தானே செய்தால் 'ஓடு', இன்னொன்றைச் செய்ய வைத்தால் 'ஓட்டு'. வண்டி ஓடுகிறது, வண்டியை ஓட்டுகிறார். ஒரே ஒரு 'ட்' அதிகம். அந்த ஒரு எழுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அந்த வசதி இல்லை. இரண்டுக்கும் 'ரன்'தான். "தி மோட்டார் ரன்ஸ்" என்றால் மோட்டார் ஓடுகிறது. "ஹி ரன்ஸ் தி மோட்டார்" என்றால் அவர் மோட்டாரை ஓட்டுகிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? 'ரன்' பின்னால் ஒரு பெயர்ச்சொல் நேராக வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் பெரும்பாலும் அது 'ஓட்டு'.

"மை ஃபாதர் ரன்ஸ் எ ஷாப்." ரன்ஸ் பின்னால் கடை இருக்கிறது. கடையை ஓட்டுகிறார், அதாவது நடத்துகிறார். தமிழிலும் "ஏதோ கடைய ஓட்டிட்டிருக்கேன்" என்று சொல்கிறோமே! ஆனால் ஏழாவதில் நானே இதை 'என் அப்பா கடைக்கு ஓடுகிறார்' என்றுதான் எழுதினேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. 'கடைக்கு' என்று வரவேண்டுமானால் நடுவில் ஒரு 'டு' வேண்டும்: "ரன்ஸ் டு தி ஷாப்." அந்தக் குட்டி 'டு' இல்லை என்பதை நான் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் லேபில் "பைத்தான் ப்ரோக்ராமை ரன் பண்ணு" என்கிறாரே சார், அதுவும் ஓட்டுவதுதான். ஸ்கூல் நடத்துவது, பஸ் விடுவது, வீட்டைக் கவனிப்பது எல்லாமே இந்த வகை. ஒன்று மட்டும் விதிவிலக்கு: "ஷி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்." பின்னால் பெயர்ச்சொல் இருக்கிறது, ஆனால் காய்ச்சலை யாரும் ஓட்டவில்லை. காய்ச்சல் அடிக்கிறது, அவ்வளவே. டாக்டர் இதைச் சொன்னால் ஓட வேண்டியது நாம்தான்!

காய்ந்துபோன ரன்

இப்போது மறுபடி மோட்டாருக்கு வருகிறேன். 'ரன்' பக்கத்தில் 'ட்ரை' வந்தால் மூன்று விதமாக அர்த்தம் வரும். இது என் நோட்டில் முழுசாக இரண்டு பக்கம்.

"தி வெல் ரேன் ட்ரை." கிணறு வற்றிப்போச்சு. இங்கே ரன் என்றால் 'ஆகு'. ஓட்டம் எதுவும் இல்லை. "ரன் ஷார்ட்" என்றால் குறைவாகிப்போவது, "ரன் லோ" என்றால் தீரும் நிலைக்கு வருவது, "ரன் வைல்டு" என்றால் கட்டுப்பாடில்லாமல் திரிவது. பின்னால் ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால், அந்த நிலைக்குப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

"டு நாட் ரன் தி பம்ப் ட்ரை." பம்ப்பைத் தண்ணீரில்லாமல் ஓட்டாதே. இங்கே ரன் என்றால் 'ஓட்டு', ட்ரை என்பது எந்த நிலையில் என்று சொல்கிறது.

"எ ட்ரை ரன்." இங்கே ரன் பெயர்ச்சொல். தடுப்பூசி என்றால் ஒத்திகை. நாடகம் என்றாலும் ஒத்திகை. பம்ப் என்றால் தண்ணீரில்லாத ஓட்டம். அதே இரண்டு வார்த்தை, அதே வரிசை. எந்த இலக்கணமும் இந்த இடத்தில் காப்பாற்றாது. எதைப் பற்றிய தாள் என்று பார்க்க வேண்டும். காயில் கட்டும் அண்ணனுக்கு அது தெரிந்திருந்தது. அவர் முன்னால் எப்போதும் மோட்டார்தான் இருக்கிறது. என் முன்னால் டிவி இருந்தது.

வாலைப் பார்!

ரன்னுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொல்லை நான் 'வால்' என்று பெயர் வைத்திருக்கிறேன். (மிஸ் 'பார்ட்டிகிள்' என்பார்.) வால் மாறினால் ஆளே மாறிவிடும். 'ரன் அவே' ஓடிப்போவது. 'ரன் ஆஃப்டர்' துரத்துவது. இவை சுலபம். தொல்லை கொடுப்பவை வேறு.

'ரன் இன்டு' என்பதற்கு மோதுவது என்று படித்திருப்பீர்கள். "தி பஸ் ரேன் இன்டு எ ட்ரீ." சரி. ஆனால் "ஐ ரேன் இன்டு மை டீச்சர் அட் தி மார்க்கெட்" என்றால் டீச்சர் மேல் மோதவில்லை! எதிர்பாராமல் சந்தித்தேன். பேப்பரில் "தி லாஸ் ரன்ஸ் இன்டு லாக்ஸ்" என்று வந்தால் நஷ்டம் லட்சக்கணக்கில் போகிறது.

'ரன் ஓவர்' இன்னும் மோசம். நாய்மேல் வண்டி ஏறினாலும் ரன் ஓவர், பால் பொங்கி வழிந்தாலும் ரன் ஓவர், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டினாலும் ரன் ஓவர். பரீட்சைக்கு முன்னால் நோட்ஸை ஒரு புரட்டுப் புரட்டினால் அதுவும் ரன் ஓவர். அன்றைக்கு நோட்ஸ்தான் நம்மேல் ஏறிப் போகிறது என்பது வேறு விஷயம்.

'ரன் டவுன்' என்றால் பேட்டரி இறங்கிப்போவது. ஒருவரைப் பற்றி மட்டமாகப் பேசுவதும் அதுவே. 'ரன் அப்' என்றால் கடன் ஏற்றிக்கொள்வது. பந்து வீசுவதற்கு முன்னால் ஓடி வருவதும் அதே. 'ரன்னர் அப்' யார் என்று நமக்குத் தெரியும். போன வருஷம் கபடியில் நாம்தான்.

ஓடுகிறார்களா, நிற்கிறார்களா?

இது எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் ஒருவர் தேர்தலில் போட்டியிட்டால் 'ரன்' செய்கிறார் என்பார்கள். இங்கிலாந்தில் அதே வேலைக்கு 'ஸ்டாண்ட்' என்பார்கள். ஒரே மொழி. ஒரு நாட்டில் ஓடுகிறார்கள், இன்னொரு நாட்டில் நிற்கிறார்கள்! நாம் எந்தப் பக்கம்? "எங்க தெரு அண்ணன் எலெக்‌ஷன்ல நிக்கிறார்" என்கிறோம். ஆக இங்கிலாந்து பக்கம்தான். ஆனால் நின்றவர் வீடு வீடாக ஓடுவதை நாம் பார்க்கிறோம்.

வங்கி விஷயத்திலும் இந்த வார்த்தை உண்டு. ஒரு வங்கி மூழ்கப்போகிறது என்று செய்தி பரவி, எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் போனால் அதற்கு 'பேங்க் ரன்' என்று பெயர். 2007 செப்டம்பரில் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் என்ற வங்கியின் வாசலில் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9-ஆம் தேதி அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். மறுநாள் வங்கியை மூடிவிட்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் பெரும்பாலானவர்கள் எங்கேயும் ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து போனையும் கம்ப்யூட்டரையும் தட்டினார்கள். ஆனாலும் அது 'ரன்'.

தெரிந்துகொள்வோம்

ஆங்கிலத்தின் மிகப் பெரிய அகராதி ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. முதல் பகுதி 1884-இல் வந்தது. முழுசாக முடிந்தது 1928-இல். இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தபோது, அதிகப் பொருள் உள்ள சொல் என்ற பெருமை 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது. வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள்! கின்னஸ் புத்தகத்திலும் அது இடம் பிடித்தது. அப்புறம் மூன்றாம் பதிப்புக்காக 'ரன்' சொல்லை மறுபடி ஆராய்ந்தார்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லில் மட்டும் ஒன்பது மாதத்துக்கு மேல் உட்கார்ந்தார். வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் வந்தது. 2011-இல் இது செய்தியானது. 'செட்' ரன்னர் அப் ஆகிவிட்டது!

அவர் ஒன்பது மாதம் உட்கார்ந்தார் என்று படித்த அன்றுதான் எனக்கு மோட்டார் விஷயத்தில் கொஞ்சம் ஆறுதல் வந்தது.

ஏன் இவ்வளவு கூடியது? என் அபிப்பிராயம், இயந்திரங்கள் வந்ததுதான் பெரிய காரணம். அதற்கு முன்னால் மனுஷன், மாடு, குதிரை, ஆறு இவைதான் ஓடும். ரயில் வந்தது, அதுவும் ஓடியது. தறி, அச்சு இயந்திரம், கார், ஃபேன், பம்ப், கடைசியில் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம். புதிதாக எது வந்தாலும் அது 'வேலை செய்கிறது' என்று சொல்ல ஒரு வார்த்தை வேண்டும். பக்கத்தில் இருந்தது ரன். நம் ஊரிலும் அப்படித்தானே? ஃபேன் வந்தபோது யாரும் புதுச்சொல் தேடவில்லை. ஃபேன் 'ஓடுது' என்று சொல்லிவிட்டார்கள்.

நம் தெருவில் ஓடும் ரன்கள்

இங்கிலீஷ் வராது என்று சொல்லும் நாம் ஒரு நாளில் எத்தனை ரன் பேசுகிறோம் தெரியுமா? ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டு எழுதினேன். பழைய பைக் விற்கும் அண்ணன்: "வண்டி ரன்னிங் கண்டிஷன்ல இருக்கு." கண்டக்டர்: "ரன்னிங்ல ஏறாதப்பா!" தச்சர் வந்து அளந்துவிட்டு: "ரன்னிங் அடிக்கு இவ்வளவு." அதாவது அகலத்தைக் கணக்கில் எடுக்காமல், நீளவாக்கில் அளந்தால் ஒரு அடிக்கு என்ன கூலி என்று பேசுகிறார். துணிக்கடையில்: "இது ரன்னிங் மெட்டீரியல்ங்க, எவ்வளவு வேணாலும் வெட்டித் தரலாம்." பக்கத்து வீட்டுத் தாத்தா மேட்ச் பார்க்கும்போது பாட்டி: "இவர் ஒருத்தர், ரன்னிங் கமெண்டரி!"

என் அப்பா 'ரன்னிங் ஸ்டிச்' என்பதை 'ஓட்டுத்தையல்' என்பார். ஊசியை ஏற்றி இறக்கி நேராக ஓட்டிக்கொண்டே போவது. எனக்கு ஒரு நாள் காட்டினார். "இதுக்கு இங்கிலீஷ்ல என்னடா?" என்றார். "ரன்னிங் ஸ்டிச்ப்பா." "அப்ப ரன்னுன்னா ஓட்டறதுதானே? அன்னிக்கு ஏன் ஒத்திகைன்னே?" என்றார். என்னிடம் பதில் இல்லை!

மோட்டார் இப்போது நன்றாக ஓடுகிறது. சுவிட்சுக்கு மேலே ஒரு அட்டையில் நான் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "பம்ப்பில் தண்ணீர் நிரப்பாமல் மோட்டாரைப் போடக் கூடாது." தமிழில்தான்.

இப்போது உங்கள் முறை

கீழே உள்ள ஆறு வாக்கியங்களுக்கும் தமிழில் பொருள் எழுதுங்கள். ஆறிலும் ரன் உண்டு, ஒன்றில் மட்டும்தான் காலால் ஓடுகிறார்கள். அது எது?

1. தி ரோடு ரன்ஸ் அலாங் தி ரிவர்.
2. வி ஆர் ரன்னிங் லேட்.
3. மியூசிக் ரன்ஸ் இன் ஹர் ஃபேமிலி.
4. ஹி ரேன் ஃபார் தி பஸ்.
5. தி பென் ஹேஸ் ரன் அவுட்.
6. ப்ளீஸ் ரன் ஓவர் தி லெசன் ஒன்ஸ் மோர்.

(ஐந்தாவதில் 'ஹேஸ் ரன்' என்றிருப்பதைக் கவனியுங்கள். 'ஹேஸ் ரேன்' என்று எழுதினால் மிஸ் சிவப்பு மையில் வட்டம் போடுவார். ரன், ரேன், ரன். அனுபவம்!)

ஒரு துண்டுத்தாளில் பெயர், வகுப்புடன் எழுதி நூலக வாசலில் உள்ள அட்டைப்பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடுங்கள். எல்லாம் சரியாக எழுதும் முதல் மூன்று பேர் பெயர் அடுத்த இதழில் வரும். உங்கள் வீட்டில் ஏதாவது டப்பாவில், தாளில், மிஷினில் ரன் என்ற வார்த்தை இருந்தால் அந்த வரியையும் அப்படியே எழுதிப் போடுங்கள். புது நோட்டு வாங்கிவிட்டேன்.

- 12-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்